தண்ணீர் வந்தால் பறவை வரும்: சொந்த வயலில் பறவை பார்க்கவும் படமெடுக்கவும் தொடங்குவோருக்கு

காவிரி டெல்டாவில் நாலு மா வயலும் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொல்லையும் இருந்தால் போதும், பறவை பார்க்க வேறெங்கும் போக வேண்டாம். ஆனால் பிறந்ததிலிருந்து அதே வரப்பில் நடப்பவரைக் கேட்டுப் பாருங்கள், "என்ன பெருசா, கொக்கும் மடையானுந்தான்" என்பார். அந்தக் கொக்கிலேயே நாலு வகை உண்டு. மடையான் முட்டையிடும் பருவத்தில் முதுகெல்லாம் அரக்கு நிறமாகி வேறு பறவை போலவே நிற்கும். கவனிக்க ஆரம்பித்த பிறகுதான் இதெல்லாம் கண்ணில் படும்.

வயலோ தோப்போ வைத்திருப்பவர்களுக்கும், வெளியூரில் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியிருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். கேமராவைத் தொட்டதே இல்லை என்றாலும் பரவாயில்லை. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்தப் பக்கம் பறவையைத் தேடி அலைவது வீண் வேலை. எந்த வயலில் தண்ணீர் கட்டியிருக்கிறது, எங்கே உழவு, எங்கே அறுப்பு என்று தெரிந்தால் நாளைக் காலையில் என்ன பறவை எங்கே இறங்கும் என்று இன்றைக்கே சொல்லிவிடலாம். சரணாலயத்துக்கு ஞாயிற்றுக்கிழமை வந்து போகிற படக்காரருக்கு இந்த வசதி கிடையாது. மடை திறந்து அடைக்கிறவருக்கு உண்டு.

முதலில் கண், பிறகு கேமரா

முதல் ஒரு மாதம் கேமரா வேண்டாம். கையில் காசு இருந்தால் பைனாகுலர் ஒன்று வாங்குங்கள். 8 × 42 என்று போட்டிருப்பது தொடங்குவோருக்குச் சரியாக இருக்கும். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும். முன்பக்கக் கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர். கடைக்காரர் பத்து மடங்கு, இருபது மடங்கு என்று ஆசை காட்டுவார். மடங்கு கூடக் கூடக் கையின் நடுக்கமும் கூடித் தெரியும், பறவையைக் கண்ணாடிக்குள் பிடிப்பதற்குள் அது பறந்திருக்கும்.

வீட்டிலிருந்து கிளம்பி அரை மணி நேரத்தில் திரும்பும்படி ஒரு பாதையை வைத்துக்கொள்ளுங்கள். கொல்லை, வாய்க்கால் கரை, மதகு, பம்புசெட்டு, திரும்ப வீடு. விடிந்ததும் தினமும் அதே பாதை. புதுப்புது இடமாகப் போனால் பறவையும் பழகாது, உங்களுக்கும் எதுவும் பிடிபடாது. ஒரே பாதையில் போனால் இரண்டாவது வாரத்திலேயே, இந்தத் தந்திக் கம்பம் பனங்காடையுடையது, அந்த மதகுக் கட்டை மீன்கொத்தியுடையது என்று தெரிந்துவிடும். பறவைகளும் நம்மைப் போலத்தான், உட்கார்ந்த இடத்தை லேசில் விட்டுக்கொடுக்காது.

குனிந்து களை எடுப்பவரைக் கண்டு கொக்கு பயப்படுவதில்லை. மண்வெட்டியோடு போகிறவரும் அதற்குப் பழக்கம். நடந்து வந்தவர் சட்டென்று நின்று தன்னையே உற்றுப் பார்த்தால்தான் கிளம்பிவிடும். அதனால் பறவையை நோக்கி நேராக நடக்காதீர்கள். வேறு வேலையாகப் போவது போலச் சாய்வாகப் போய், பார்க்காதது போல உட்காருங்கள். வெள்ளைச் சட்டையைத் தவிர்ப்பது நல்லது; அதைவிட முக்கியம் வேகமாகக் கை ஆட்டாமல் இருப்பது.

காதையும் தீட்டிக்கொள்ள வேண்டும். தவிட்டுக்குருவிக் கூட்டம் ஓரிடத்தில் ஓயாமல் கத்தினால் அங்கே பாம்போ பூனையோ இருக்கும். காக்கைகள் ஒரு புளிய மரத்தையே சுற்றிச் சுற்றித் திட்டினால் உள்ளே ஆந்தை உட்கார்ந்திருக்கலாம், வல்லூறும் இருக்கலாம். வரப்பில் கால் வைப்பதற்குள் ஆட்காட்டி ஊரையே கூட்டிவிடும். அது அடங்கும் வரை உட்கார்ந்திருப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

கொக்கை வைத்துப் பெயர் கற்பது

பெயர் தெரிந்துகொள்ளத் தொடங்க நல்ல இடம் கொக்குதான். எப்போதும் இருக்கும், அசையாமல் நிற்கும், வெள்ளையாக எல்லாம் ஒன்று போலத் தெரியும். மாட்டோடும் டிராக்டரோடும் போகிற, கழுத்துக் குட்டையான, மஞ்சள் அலகு கொண்டது உண்ணிக்கொக்கு. முட்டையிடும் பருவத்தில் தலையும் கழுத்தும் மஞ்சள் பூசினது போல ஆகிவிடும். அலகும் காலும் கறுப்பாக, பாதம் மட்டும் மஞ்சளாக இருந்தால் சின்னக் கொக்கு. தண்ணீரிலிருந்து காலைத் தூக்கும்போது அந்த மஞ்சள் பளிச்சென்று தெரியும். ஆளுயரத்தில் பாதிக்கு மேல் தெரிகிற, கழுத்தை முறுக்கி நிற்கிற பெரிய கொக்கையும் அதைவிடச் சிறிய நடுக்கொக்கையும் பிரிக்கத்தான் கொஞ்சம் திணறும். வாயின் பிளவுக் கோட்டைப் பாருங்கள். பெரிய கொக்குக்கு அந்தக் கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும். நடுக்கொக்குக்குக் கண்ணோடு நின்றுவிடும்.

இந்த நான்கையும் பிரிக்கத் தெரிந்துவிட்டால் மற்றவை எளிது. ஏனென்றால் அலகு, கால், பருமன், பழக்கம் என்று எதைப் பார்க்க வேண்டும் என்பது அதற்குள் கைவந்திருக்கும். நிறத்தை மட்டும் நம்புகிறவர்கள்தான் ஏமாறுவார்கள்.

செல்போனில் மெர்லின் செயலியைப் போட்டுக்கொள்ளலாம். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பறவை ஆய்வகம் இலவசமாகத் தருவது. படம் கொடுத்தால் பெயர் சொல்லும், குரலைக் கேட்டும் ஊகிக்கும். ஊகம்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. அது சொன்னதையெல்லாம் எழுதிவைத்தால் உங்கள் வாய்க்கால் கரையில் இமயமலைப் பறவையும் வந்து சேரும். ஊர்ப்பெயர்களையும் விட்டுவிடாதீர்கள். கரிச்சானை ஒரு ஊரில் கரிக்குருவி என்பார்கள், அடுத்த ஊரில் இரட்டைவால் குருவி என்பார்கள். மாடு மேய்க்கும் பெரியவரிடம் பேச அந்தப் பெயர்தான் உதவும்.

வயலின் நாட்காட்டி

இந்த வழிகாட்டியில் இதுதான் முக்கியமான பகுதி. மற்றதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறப்பது வழக்கம். எல்லா வருடமும் அப்படி அமைவதில்லை. 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள். 2024இல் ஜூலை கடைசி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தேதி எதுவானாலும், கல்லணையில் பிரிந்து உங்கள் வாய்க்காலுக்கு முதல் தண்ணீர் வருகிற அன்று கரையில் இருங்கள். வெடித்துக் கிடந்த தரையில் தண்ணீரின் தலைப்பு நகர நகர, வெடிப்புக்குள் இருந்த வெட்டுக்கிளி, தேள், பிள்ளைப்பூச்சி எல்லாம் மேலே ஏறி ஓடும். மைனாவும் கொக்கும் கரிச்சானும் அந்தத் தலைப்போடு கூடவே நடந்து வரும். பெரிய லென்ஸ் தேவைப்படாத நாள் அது.

அடுத்தது சேற்றுழவு. டிராக்டர் கேஜ் வீல் (சேற்றில் ஓட்டும் இரும்புச் சக்கரம்) போட்டு இறங்கினால் உண்ணிக்கொக்கு, சின்னக் கொக்கு, மைனா, காக்கை, மேலே செம்பருந்து என்று ஒரு திருவிழாவே பின்னால் ஓடும். ஓட்டுகிறவரிடம் முதல் நாளே பேசி வையுங்கள். "அண்ணே, நாளைக்கு எந்த வயல்லேந்து ஆரம்பிக்கிறீங்க?" என்று கேட்டால் போதும். காலை உழவென்றால் கிழக்கு வரப்பில் உட்கார்ந்து மேற்கே பார்த்து எடுங்கள், வெயில் உங்கள் முதுகில் இருக்கும். முதல் இரண்டு சுற்றுக்குப் பறவைகள் உங்களைச் சந்தேகமாகப் பார்க்கும். பிறகு கண்டுகொள்ளாது.

நடவு முடிந்து பயிர் பச்சை பிடிக்கும் வரை தண்ணீர் ஆழமில்லாமல் நிற்கும். நெடுங்கால் உள்ளான், வெள்ளை அரிவாள்மூக்கன், நத்தைகுத்தி நாரை இறங்கும் காலம் இது. நத்தைகுத்தியை அவசரப்படாமல் பாருங்கள். மூடினாலும் நடுவில் இடைவெளி விட்டுத் தெரியும் அலகு அதற்கு. நத்தையைத் தண்ணீருக்குள் வைத்தே சதையை உருவிவிட்டு ஓட்டை அங்கேயே போட்டுவிடும். வரப்போரம் வெறும் ஓடுகள் கிடந்தால் மறுநாளும் அந்த வயலுக்கே வரும் என்று நம்பி உட்காரலாம்.

பயிர் தூர் கட்டி மூடிக்கொண்ட பிறகு வயலில் பார்க்க ஒன்றுமில்லை போலத் தோன்றும். உள்ளேதான் இருக்கின்றன. வெண்மார்புக் கானாங்கோழி விடியலிலும் பொழுது சாயும்போதும் வரப்புக்கு வெளியே வரும். அதிர்ஷ்டம் இருந்தால் மயில் உள்ளானைப் பார்க்கலாம். அதில் பெண்தான் நிறத்தில் எடுப்பு, அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் ஆணின் வேலை. படமெடுப்பவர்களுக்கு வயலில் இது மந்தமான காலம்; தோப்புக்கும் கொல்லைக்கும் போய்விடலாம்.

புரட்டாசி முதல் வலசைப் பறவைகள் வரும். மின்கம்பியில் தகைவிலான்கள் வரிசையாக உட்காரும். வரப்பில் மஞ்சள் வாலாட்டி, வேலியில் பழுப்புக் கீச்சான், வயலுக்கு மேல் தாழப் பறக்கும் பூனைப்பருந்து, சேற்றோரம் உள்ளான் வகைகள். கடற்கரையை ஒட்டிய ஊராக இருந்தால் ஐப்பசி வாக்கில் கொல்லையில் மூங்கில் அடியிலோ மாமரத்தடிச் சருகிலோ ஆறுமணிக்குருவி தட்டுப்படலாம். காலையிலும் மாலையிலும் இரண்டு சுரமாக விசில் அடிக்கும். வடக்கேயிருந்து வந்து களைத்திருக்கும் பறவை அது. துரத்தாமல் ஓரமாக உட்கார்ந்தால் சருகைக் கிளறிக்கொண்டு தானாகவே பக்கத்தில் வரும்.

கதிர் பால் பிடித்ததும் சில்லையும் தூக்கணாங்குருவியும் கிளியும் கூட்டமாக வரும். விவசாயிக்கு நஷ்டம்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். தகர டப்பா, ரிப்பன், பழைய சேலை கட்டி விரட்டுவது அவரவர் பாடு. படம் வேண்டுமென்பதற்காகப் பக்கத்து வயல்காரர் விரட்டும்போது முகம் சுளிக்கக் கூடாது. தை அறுவடையில் மிஷின் இறங்கினால் மறுபடியும் டிராக்டர் கதைதான். இம்முறை எலியும் தவளையும் வெளியே வருவதால் பருந்துகள் அதிகம் வரும்.

அறுப்புக்குப் பிறகு உளுந்தும் பயறும் முளைத்த வயலில் கரிச்சான், பஞ்சுருட்டான், பனங்காடை மூன்றும் பூச்சிக்காகக் காத்திருக்கும். பின்னணி தாழ்வாக, பச்சையாக, தூரத்தில் மங்கலாக இருக்கும். என்னைக் கேட்டால் வருடத்தில் படமெடுக்க மிகச் சிறந்த காலம் மாசிதான். பனி விலகியிருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது.

சித்திரை, வைகாசியில் வயலெல்லாம் காய்ந்து, மிச்சத் தண்ணீர் குட்டையில் மட்டும் இருக்கும். சுற்று வட்டாரத்து மீன்கொத்தியும் கொக்கும் முக்குளிப்பானும் அங்கேதான். மீன் பிடிக்கக் குட்டையை இறைக்கும் நாளை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

உட்காரும் இடம்

பம்புசெட்டுக் கொட்டகை இருந்தால் பாதி வேலை முடிந்தது. அதன் சன்னலில் பச்சை நிழல்வலை கட்டி லென்ஸ் நுழைய ஒரு கிழிசல் விட்டால் போதும். பறவைகள் அந்தக் கொட்டகையைப் பல வருடமாகப் பார்த்துப் பழகியவை.

இல்லையென்றால் குட்டையின் கிழக்குக் கரையில் நாலு மூங்கில் நட்டுத் தென்னங்கீற்றுத் தட்டியால் நாலடிக்கு நாலடி மறைப்பு கட்டுங்கள். உயரம் ஐந்தடிக்கு மேல் வேண்டாம். லென்ஸுக்கான ஓட்டையை முழங்கால் உயரத்தில் வைக்க வேண்டும். நின்ற உயரத்திலிருந்து எடுத்தால் பறவையின் முதுகும் சேறும்தான் படத்தில் வரும். அதன் கண்மட்டத்துக்கு இறங்கினால்தான் படத்துக்கு உயிர் வரும். கவிழ்த்த வாளி நல்ல இருக்கை. கட்டிய உடனே போய் உட்காராமல் ஒரு வாரம் சும்மா விடுங்கள், பறவைகள் பழகட்டும். பிறகு இருட்டு விலகுவதற்குள் உள்ளே போய்விட வேண்டும். விடிந்துவிட்டால் துணைக்கு ஒருவரை அழைத்துப் போய் அவரை மட்டும் திருப்பி அனுப்பலாம். ஆள் போய்விட்டதாகப் பெரும்பாலான பறவைகள் நம்பிவிடும், காக்கையைத் தவிர.

மறைப்புக்கு எதிரே பதினைந்து, இருபது அடியில் தண்ணீருக்குள் ஒரு காய்ந்த கொம்பை நடுங்கள். கருவேலமோ புளியோ, விரல் பருமனில், தண்ணீருக்கு மேல் இரண்டு அடி தெரியும்படி. சிறுநீல மீன்கொத்திக்கு இதைவிடப் பெரிய அழைப்பு தேவையில்லை. கொம்புக்குப் பின்னால் எதிர்க்கரை எவ்வளவு தூரம் தள்ளியிருக்கிறதோ அவ்வளவுக்குப் பின்னணி மெழுகினாற்போல வரும். சொந்த நிலத்தில் எடுப்பதன் லாபமே இதுதான். வெயில் திசை, கொம்பு, பின்னணி மூன்றையும் நீங்களே முடிவு செய்யலாம்.

மீனைக் கட்டிவைத்தோ நெல்லைக் கொட்டியோ பறவையை வரவழைப்பதை நான் ஏற்பதில்லை. செல்போனில் பறவைக் குரலைப் போட்டு இழுப்பதும் வேண்டாம். தன் எல்லைக்குள் இன்னொன்று வந்துவிட்டதென்று அது அடைகாப்பதையும் தீனியையும் விட்டுவிட்டுச் சண்டைக்கு வரும். கத்திரி வெயிலில் கொல்லையில் ஒரு அகல மண்தட்டில் இரண்டு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் வையுங்கள். மேலே ஓட்டையிட்ட பானையைக் கட்டிச் சொட்டுச் சொட்டாக விழும்படி செய்தால் அந்தச் சத்தத்துக்கே குருவிகள் வரும். தினமும் கழுவி மாற்ற வேண்டும், இல்லையென்றால் பாசியும் கொசுவும் நோயும்தான் மிஞ்சும்.

என்ன கேமரா, எப்படி வைப்பது

லென்ஸ் மாற்ற வேண்டியிராத, நீண்ட ஜூம் உள்ள கேமராவே தொடங்க நன்று. நிக்கான் பி950 மாதிரி. எடை குறைவு, வரப்பில் நடக்கத் தோது. வெளிச்சம் குறைந்தால் படம் புள்ளி புள்ளியாகப் பொரிந்து போகும், பறப்பதைப் பிடிப்பது சிரமம். ஆனால் உட்கார்ந்த பறவைக்கு இது தாராளம். ஒரு வருடம் கழிந்தும் ஆர்வம் குறையவில்லை என்றால் லென்ஸ் மாற்றும் கேமராவும் 70-300 மி.மீ. லென்ஸும், அதற்கும் பிறகு 150-600 லென்ஸும் வாங்குவதைப் பற்றி யோசியுங்கள். எடுத்த எடுப்பில் நகையை அடகு வைத்துப் பெரிய லென்ஸ் வாங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பக்கத்தில் போகத் தெரியாதவருக்கு எந்த லென்ஸும் எட்டாது.

ஷட்டர் வேகத்தை நீங்கள் வையுங்கள், மற்றதைக் கேமராவிடம் விடுங்கள். உட்கார்ந்த பறவைக்கு 1/500 நொடி போதும். கரிச்சான், வாலாட்டி போலச் சும்மா இராதவற்றுக்கு 1/1000. பறப்பதற்கு 1/2000க்கு மேல். ஐ.எஸ்.ஓ. (வெளிச்சத்தை உணரும் திறன்) தானியங்கியில் இருக்கட்டும். ஃபோகஸ் புள்ளி ஒன்றே ஒன்று, அது கண்ணில். கண் துல்லியமாக இருந்தால் வால் மங்கினாலும் யாரும் கேட்க மாட்டார்கள்.

டெல்டாவில் எடுப்பவரைத் தவறாமல் சோதிப்பது கொக்குதான். கரும்பச்சைப் பயிரின் நடுவே வெள்ளைக் கொக்கு. கேமரா பச்சையைப் பார்த்து வெளிச்சம் போதவில்லை என்று கூட்டிவிடும், கொக்கு வெறும் வெள்ளைத்தாளாகிவிடும். வெளிச்ச ஈட்டை (எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்) மைனஸ் பக்கம் 0.7 முதல் 1.3 வரை குறையுங்கள், இறகின் மடிப்பு திரும்ப வரும். வானத்தைப் பின்னால் வைத்துக் கம்பியில் உட்கார்ந்த கரிச்சானுக்கு நேர்மாறாக, பிளஸ் பக்கம் ஒன்று கூட்ட வேண்டும்.

விடிந்ததிலிருந்து எட்டரை வரை, பிறகு மாலை நாலரைக்கு மேல். நடுவில் எடுக்காதீர்கள். கோடையில் ஒன்பது மணிக்கே தரையிலிருந்து கானல் எழும்பத் தொடங்கிவிடும். எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸாக இருந்தாலும் தூரத்துப் பறவை தண்ணீருக்குள் தெரிவது போல நெளியும். கேமரா கெட்டுவிட்டதென்று கடைக்குக் கொண்டு போக வேண்டாம், பறவையிடம் இன்னும் கிட்டே போக வேண்டும், அவ்வளவுதான்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். அது நிறம் மாறினால் மிதமான சூட்டில் உலர்த்தித் திரும்பப் பயன்படுத்தலாம். அரிசிக்குள் புதைத்து வைக்கும் வழக்கம் வேண்டாம், தூசிதான் உள்ளே போகும். ஏ.சி. அறையிலிருந்து நேராக வயலுக்குக் கொண்டு போனாலும் கண்ணாடியில் வியர்த்துவிடும். பையோடு அரை மணி திண்ணையில் வைத்துவிட்டு எடுங்கள்.

நிலத்தைப் பறவைக்கு ஏற்றதாக்க

ஒற்றைப் பனையை விறகுக்கு வெட்டாதீர்கள். பனை உழவாரன் தன் எச்சிலால் இறகுகளை ஒட்டிப் பனையோலையின் அடிப்பக்கத்தில்தான் கூடு வைக்கும். பட்டுப்போன மரத்தின் பொந்து புள்ளி ஆந்தைக்கும் கிளிக்கும் மைனாவுக்கும் வீடு. வாய்க்கால் ஓரத்துக் கோரையையும் புதரையும் ஒரு பக்கமாவது விட்டு வைத்தால் கானாங்கோழி தங்கும்.

வயலில் ஆந்தைக் குச்சி நடுவது இங்கே புதிதல்ல. தென்னை மட்டையைத் தலைகீழாக நட்டாலும் சரி, டி வடிவில் கட்டை அடித்தாலும் சரி. பகலில் கரிச்சான் அதில் உட்கார்ந்து புழுவைப் பிடிக்கும், இரவில் ஆந்தையும் கூகையும் எலிக்குக் காத்திருக்கும். கதிர் பால் பிடிக்கும் முன் பிடுங்கிவிட வேண்டும், இல்லையென்றால் கதிர் தின்னும் குருவிக்கு அதுவே முக்காலி ஆகிவிடும்.

எலிக்கு மருந்து வைத்துக்கொண்டே ஆந்தைக்குக் குச்சி நடுவதில் அர்த்தமில்லை. புரோமடியோலோன் தின்ற எலி உடனே சாவதில்லை, தள்ளாடித் திரியும். அதைத் தின்கிற கூகைக்கும் விஷம் ஏறும். மூங்கிலில் செய்த எலிப்பொறியான தஞ்சாவூர்க் கிட்டி இருக்கவே இருக்கிறது. கிட்டி வைக்கத் தெரிந்தவர்கள் இன்னும் ஊருக்கு ஒருவராவது இருப்பார்கள், அவர்களுக்குக் கூலி கொடுத்து வைக்கச் சொல்லுங்கள். கூகையைச் சாக்குருவி என்று கல்லெறிகிறவர்களிடம் எலிக்கணக்கைச் சொல்லிப் பாருங்கள். சகுனத்தைப் பற்றி வாதாடினால் ஜெயிக்க முடியாது.

கூடு கண்ணில் பட்டால்

தூக்கணாங்குருவிக் கூட்டைப் படமெடுக்கலாம், தூரத்திலிருந்து. ஆண்தான் கட்டும். பாதி கட்டியதும் இறக்கையை அடித்துப் பெண்ணைக் கூப்பிடும், அதற்குப் பிடித்தால்தான் மீதிப் பாதி. கிணற்றின் மேலோ வாய்க்காலின் மேலோ தொங்கும் ஈச்ச மட்டைக்கு எதிர்க்கரையில் உட்கார்ந்தால் முழு நாடகத்தையும் பார்த்துவிடலாம்.

மற்றக் கூடுகளிடம் போகவே வேண்டாம். இலையை விலக்கிப் படமெடுத்தால் அந்த இடைவெளி வழியே வெயிலும் காக்கையும் உள்ளே போகும். கோடையில் தரிசில் ஆட்காட்டி சின்னக் குழியில் நாலு முட்டை வைத்திருக்கும், மண்ணோடு மண்ணாகத் தெரியும். உழவுக்கு முன் கண்டுபிடித்துவிட்டால் சுற்றி நாலு குச்சி நட்டு, ஓட்டுகிறவரிடம் அந்தத் திட்டை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள். பெரும்பாலும் கேட்பார்கள். ஆற்றுப் படுகை மணல் சரிவில் பஞ்சுருட்டான் வளை தோண்டியிருந்தால் அந்த இடத்தில் மண் எடுப்பதைக் குஞ்சு பறக்கும் வரை தள்ளிப்போடுங்கள்.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்பதற்குள் பொறி வைப்பது, பறவையின் முட்டையை எடுப்பது, கூட்டைக் கலைப்பது எல்லாம் அடங்கும். சொந்த நிலம் என்பதற்காக விலக்கு இல்லை. கொக்குக்கும் மடையானுக்கும் வலை போடுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அதனால் கூடு இருக்கும் இடமும், கூட்டமாக அடையும் மரமும் எந்த ஊர், எந்தக் கரை என்று படத்தோடு போடாதீர்கள்.

மனிதர்களிடமும் கொஞ்சம் நாசூக்கு வேண்டும். நடவு ஆட்கள் இருக்கும் பக்கம் நீண்ட லென்ஸைத் திருப்பாதீர்கள். எத்தனை நல்ல கொக்கு அந்தப் பக்கம் நின்றாலும் சரி. முதலில் போய், "அக்கா, பறவைதான் எடுக்கிறேன், பாருங்க" என்று திரையைக் காட்டிவிட்டால் அப்புறம் அவர்களே, "தம்பி, அந்தாண்ட மதகுல நீலமா ஒண்ணு உக்காந்திருக்கு" என்று சொல்லி அனுப்புவார்கள்.

இருட்டில் வரப்பில் நடக்கும்போது டார்ச்சும் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸும் கட்டாயம். கண்ணாடி விரியன் வரப்பு வளையில்தான் இருக்கும். கடித்தால் கட்டுப் போடுவது, கீறிவிடுவது, பச்சிலை என்று நேரத்தைக் கடத்தாமல் விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். எது பக்கம் என்று இப்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தவர் வயலில் எலிக்கோ பன்றிக்கோ மின்கம்பி இழுத்திருக்கிறார்களா என்று கேட்காமல் அங்கே கால் வைக்க வேண்டாம்.

எழுதி வைப்பதும், ஏரிக்குப் போவதும்

ஒரு நோட்டில் தேதி, நேரம், எந்த வயல், தண்ணீர் எவ்வளவு, என்ன வேலை நடந்தது, என்ன பறவை, எத்தனை. தண்ணீரையும் வேலையையும் எழுதாத குறிப்பு அடுத்த வருடம் உங்களுக்கே பயன்படாது. பறவைக் குறிப்புகளைச் சேர்த்து வைக்கும் ஈபேர்ட் செயலியில் பட்டியலாக ஏற்றினால் மற்றவர்களுக்கும் உதவும். 2015 முதல் பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. கால் மணி நேரம் வாசலில் உட்கார்ந்து எண்ணினாலே அதில் சேரலாம். ஏரிகளிலிருந்து நிறையப் பட்டியல் போகும். வயலிலிருந்து போவது குறைவு.

உங்கள் வயல் பறவைகளை ஓரளவு தெரிந்துகொண்ட பிறகு வடுவூர் ஏரிக்கோ உதயமார்த்தாண்டபுரத்துக்கோ ஒருமுறை போய் வாருங்கள். இரண்டும் திருவாரூர் மாவட்டத்தில். இரண்டும் 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தவை. அரியலூர்ப் பக்கமென்றால் கரைவெட்டி, கடலோரமென்றால் கோடியக்கரை. மாலை நான்கு மணிக்குக் கரையில் இருந்தால், நத்தைகுத்தியும் அரிவாள்மூக்கனும் எந்தத் திசையிலிருந்து திரும்புகின்றன என்று பார்த்து, எந்த ஊர் வயல்களில் மேய்ந்துவிட்டு வருகின்றன என்று ஊகிக்கலாம். கார்த்திகை முதல் தை வரை நல்ல காலம். மாசி பாதிக்கு மேல் ஏரியில் தண்ணீர் இறங்கத் தொடங்கிவிடும், வலசை வாத்துகளும் கிளம்பிவிடும். அதற்குள் போய் வந்துவிடுங்கள்.